மெழுகு நின்ற மழைக்காலம்

காரின் மேல் பூசிய மெழுகு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொம்புத் தண்ணீர் போதும். மெழுகு உள்ள இடத்தில் ஊற்றினால் தண்ணீர் திரண்டு தனித்தனித் துளியாக நிற்கும். மெழுகு போன இடத்தில் தட்டையாகப் பரவி மெதுவாக வழியும். துளியாக நிற்பதை என் அக்காவின் கணவர் ‘முத்து நிக்கிறது’ என்பார். நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் மாப்ள.

மச்சான் டிரைவர். மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே வண்டி ஓட்டினார். மகளைக் கட்டிக்கொடுத்து, வேலையை விட்ட பிறகு, பழைய கார் ஒன்றைத் தனக்கென்று வாங்கினார். கருநீல நிறம். அந்த நிறத்தை வாங்காதீர்கள், தூசியும் கீறலும் அப்படியே தெரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். முதலாளி வீட்டு வண்டிகள் எல்லாம் வெள்ளை, நமக்காவது வேறு நிறம் இருக்கட்டும் என்று வாங்கினார். அதில் பேரையூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போனார். உசிலம்பட்டிச் சந்தைக்குச் சில முறை போனார். அந்த வருடம் முடிவதற்குள் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன.

அவர்கள் வீடு உசிலம்பட்டி போகும் சாலையில், ஊர் முடிந்து வயல்காடு தொடங்கும் முன் மனைகளாகப் பிரித்துப் போட்ட இடத்தில் இருக்கிறது. வாங்கிய மனை முழுக்க வீடாகக் கட்டிவிட்டதால் வண்டி நிறுத்த இடமில்லை. எதிரே யாருக்கோ சொந்தமான காலி மனையில்தான் கார் நின்றது. அங்கே மரம் கிடையாது. காலையில் எழும் வெயில் மாலைவரை அதன் மேல் இருக்கும். ஆடிக் காற்றில் செம்மண் தூசி வந்து படியும். மச்சானின் கட்டில் இருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே கார் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனேன். பேச்சு குழறினாலும் புரிந்தது.

“வண்டி வெளுத்துக்கிட்டு வருது மாப்ள. டாப்பப் பாரு. சித்திரைக்கு நான் எடுத்துருவேன். அதுவரைக்கும் பெயின்ட் போகாமப் பாத்துக்க.”

“கவர் போட்டு மூடிருவோமா மச்சான்?”

“இந்தக் காத்துக்குக் கவருக்குள்ள மண்ணு போயி அரைக்கும். அதுவும் போக, மூடிட்டா நான் எதப் பாக்குறது? ஒங்க அக்கா மூஞ்சியவா?”

அக்கா சமையலறையிலிருந்து, “என் மூஞ்சியப் பாத்துத்தான் வாய் கோணிக்கிச்சு, இன்னும் என்ன இருக்கு” என்றாள். மச்சான் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம் மட்டுமே வந்தது.

டாக்டர் அக்காவிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். தினமும் அவராக எழுந்து உட்கார வேண்டும், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். படுத்தே கிடந்தால் இருப்பதும் போய்விடும். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “என்னயத் தூக்கி நிறுத்த நான் என்ன கொடிக்கம்பமா” என்றாராம். சில நாட்களில் அந்தப் பெண் வருவதை நிறுத்திவிட்டார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பத்திரிகை அலுவலகத்தில் பிறர் எழுதிய செய்திகளைத் திருத்துவது என் வேலை. மாட்டுத்தாவணிப் பக்கம் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போவேன். மச்சானுக்காக என்னால் செய்ய முடிந்தது என்று மெழுகு ஒன்றுதான் இருந்தது. தெற்கு வெளி வீதியில் கார் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரப் பாய் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

“எம்புட்டு நாள் நிக்கும் பாய்?”

“டப்பால மூணு மாசம்னு போட்டுருக்கான். அவன் ஏதோ குளிரு ஊர்ல ஒக்காந்து அச்சடிச்சிருப்பான் சார். நம்மூரு வெயிலுக்கு அதுல பாதி வச்சுக்கங்க. வண்டி எங்க நிக்கிது, ஷெட்டுலயா?”

“வெட்டவெளிலதான்.”

“யா அல்லா. அப்ப அதுலயும் பாதி.”

மெழுகு பூசுவது எளிய வேலை என்று நினைத்திருந்தேன். பூசுவதற்கு முன்னால் கழுவுவதில்தான் வேலை இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவினால் பழைய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். அந்தப் பகுதியில் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவி வெயிலில் விட்டால் கார் முழுக்க வெள்ளைப் புள்ளி விழும், கையால் தேய்த்தாலும் போகாது. அதனால் போர் தண்ணீரில் கழுவி, கடைசியாக அலச மட்டும் குழாயில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரைக் கேட்டேன். “நான் குடம் குடமாச் சொமந்து வைக்கிறது ஒன் வண்டி குளிக்கிறதுக்கா” என்று அக்கா கேட்டாள், ஆனாலும் கொடுத்தாள். தகடு சூடாக இருக்கும்போது மெழுகு தொட்டால் அங்கேயே இறுகிவிடும். எனவே சாயங்காலம், வீட்டின் நிழல் தெருவைத் தாண்டி கார் மேல் விழும்வரை காத்திருப்பேன். பிறகு ஜன்னலிலிருந்து குரல் வரும்.

“அப்பாத மாப்ள. தோசக்கல்லுல எண்ணெ தடவுற மாதிரி. கண்ணுக்குத் தெரியக் கூடாது.”

மெல்லிதாக ஒரு முறை பூசி, காய்ந்து வெளிறியதும் துடைத்து, அடுத்த ஞாயிறு இன்னொரு முறை பூசினேன். கனமாக ஒரே தடவை பூசுவதைவிட இப்படி இரண்டு முறை பூசுவது அதிக நாள் நிற்கும் என்று படித்திருந்தேன். காக்கை எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து எடுக்கச் சொன்னேன். அக்கா அதையும் செய்தாள்.

வேறு தொல்லைகளும் இருந்தன. பக்கத்து வீட்டு ஆடு ஒன்றுக்கு அந்த பானெட்டில் ஏறிப் படுப்பது பிடிக்கும். அதே வீட்டு அம்மா ஒரு நாள் பானெட்டில் சேலையை விரித்துக் கூழ் வத்தல் ஊற்றிவிட்டார். மச்சான் ஜன்னலில் இருந்து கத்தினார். அந்த அம்மா அசரவில்லை.

“சும்மாதானேண்ணே நிக்கிது. தரையில ஊத்துனா ரெண்டு நா ஆகும். இதுல மத்தியானத்துக்குள்ள காஞ்சுரும்.”

“என் வண்டி என்ன ஒனக்கு மொட்டமாடியா?”

“காஞ்சதும் ஒரு டப்பா தாரேன், கத்தாதீக.”

வத்தல் வந்தது. மச்சான் அதை விரும்பிச் சாப்பிட்டார். ‘சும்மாதானே நிக்கிது’ என்ற சொல்லை மட்டும் அன்று பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததாக அக்கா சொன்னாள்.

சித்திரை வந்து போனது. மச்சான் வண்டி எடுக்கவில்லை. ஆனால் அவர் கால் கொஞ்சம் தேறியிருந்தது. ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

மெழுகுதான் நிற்கவில்லை. பாய் சொன்ன ‘பாதியிலும் பாதி’கூட வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். ஜன்னலிலிருந்து, “முத்து நிக்குதா?” என்ற கேள்வி வரும். நான் பார்த்ததைச் சொல்வேன். ஒரு ஞாயிறு, தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றாமல் கார் முழுக்கத் தெளித்துப் பார்த்தேன். வெயில்தான் காரணம் என்றால், நேராக வெயில் விழும் டாப்பிலும் பானெட்டிலும் மெழுகு முதலில் போயிருக்க வேண்டும். டாப்பின் ஓரங்களில் தண்ணீர் பரவியது. நடுவில் ஒரு பட்டை அளவுக்கு மட்டும் துளிகள் நின்றன. வயல் பக்கத்துக் கதவுகளில் துளி அங்கங்கே நின்றது. வீட்டைப் பார்த்த கதவுகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. அந்தப் பக்கம்தான் மாலை வெயில் படாத பக்கம், வீட்டின் நிழல் காக்கும் பக்கம். அங்கே மெழுகு போனதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

காரணம் ஒரு வேலைநாளில் கிடைத்தது. உசிலம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்காக விடியற்காலை பஸ்ஸில் கிளம்பியவன், போகிற வழியில் அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன். தெருமுனையில் இருந்தே தெரிந்தது. டிரைவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் மஞ்சள் துணியை உதறி உதறி, அக்கா காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி நனையவே இல்லை. இரவெல்லாம் படிந்த செம்மண் தூசி மேல் காய்ந்த துணி. எதிரே ஜன்னலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். வேட்டி சரியாகக் கட்டியிருந்தது. கம்பியைப் பிடித்த கை விறைத்திருந்தது.

“ஏய், கதவுக்குக் கீழ விட்டுட்ட பாரு. குனி.”

“குனிஞ்சா நிமுர முடியல எனக்கு.”

“அழுத்தித் தொட. மாவா பெசயிற? கைப்பிடிக்குப் பின்னால தொடச்சியா?”

“தொடச்சேன், தொடச்சேன். அங்கேர்ந்து கண்ணு தெரியிதாக்கும் ஒங்களுக்கு.”

“எனக்கு எல்லாம் தெரியும். திரும்பத் தொட.”

அப்போது எனக்கு விளங்கியது. டாப்பின் நடுவில் மெழுகு தங்கியது அக்காவின் கை எட்டாததால். வீட்டுப் பக்கம் போனது, மச்சானின் கண் எட்டியதால்.

அக்காவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். தூசி என்பது நுண்ணிய மணல். காய்ந்த துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் மெழுகு போகும், பிறகு பெயின்ட் போகும். நான் மாதக்கணக்கில் பூசியதை நீ தினமும் காலையில் எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்றேன்.

அவள் துணியை மடித்தாள்.

“அவரு எந்திரிக்கிறது இதுக்கு மட்டுந்தான்டா” என்றாள். “டாக்டர் சொன்னதுக்கு எந்திரிக்கல. அந்தப் புள்ள வந்து கெஞ்சுனதுக்கு எந்திரிக்கல. ஒரு நா வண்டி தூசியா கெடக்கேன்னு நானாத் தொடச்சேன். சரியாத் தொடைக்கலன்னு திட்டுறதுக்குன்னு எந்திரிச்சு வந்து கம்பியப் பிடிச்சாரு. தெனமும் வாராரு. நான் வேணுமின்னே ஒரு எடத்த விட்டுருவேன். அதச் சொல்றதுக்கு இன்னுங் கொஞ்ச நேரம் நிப்பாரு.”

நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு, இரண்டும் நடக்கட்டும் என்று ஒரு வழி பார்த்தேன். கார் துடைக்கும் மெத்தென்ற துணி ஒன்றும், தண்ணீர் பீய்ச்சும் டப்பா ஒன்றும் வாங்கிப் போனேன். முதலில் தண்ணீரால் தூசியை ஊறவைத்து, பிறகு துணியை அழுத்தாமல் இழுத்தால் மெழுகு தப்பும். காய்ந்த துணி வண்டியைத் தேய்க்கும் மச்சான் என்று தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

“துணி பட்டு வண்டி தேயும்னா, நான் ஓட்டுன வண்டியெல்லாம் வெறும் எலும்பாத்தான் நின்னுருக்கும் மாப்ள. காலைல எந்திரிச்சதும் மொத வேல காஞ்ச துணி. மொதலாளி படியெறங்குறப்ப வண்டி மேல விரல் வச்சுப் பாப்பாரு. ஈரத்துணில தொடச்சா அதுக்குப் பேரு தொடைக்கிறதா? தர மெழுகுறது.”

அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மெழுகு அதிக நாள் நிற்க வேண்டும் என்பதை விட்டுவிட்டேன். போன பிறகு பூசினால் போதும் என்று வைத்துக்கொண்டேன். வீட்டுப் பக்கத்துக் கதவுகளுக்கு அடிக்கடி பூசினேன். பாய், “என்ன சார், வண்டி மெழுகத் திங்கிதா?” என்று கேட்டார். கோடை முழுவதும் அப்படியே போனது. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், அந்தக் கதவுகளில் வட்ட வட்டமாகச் சிலந்தி வலை போன்ற கீறல்கள் தெரிந்தன. கைப்பிடிக்குப் பின்னால், மச்சான் திரும்பத் திரும்பத் துடைக்கச் சொன்ன இடத்தில், நீலம் மங்கி அடிப்பூச்சின் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. மச்சான் அதே அளவுக்குத் தேறிக்கொண்டிருந்தார். ஆடி மாதம் ஒரு நாள் வாசற்படி வரை நடந்துவந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று அக்கா போனில் சொன்னாள். படியிறங்கிவிட்டால் கார் கதவைத் தொட்டுவிடுவார் என்றாள். நான் அந்த ஞாயிறு கதவுகளுக்கு இரண்டு முறை பூசினேன்.

புரட்டாசியில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். அவர்கள் சொன்ன விதத்தில் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இருக்கவில்லை. இப்போது உட்காரவும் முடியவில்லை. தலையணையில் முகம் ஒரு பக்கமாக இருந்தது. பேச்சு ஓரிரு சொல்லாகக் குறைந்துவிட்டது.

அக்கா சில நாள் காலையில் மஞ்சள் துணியோடு வெளியே போய் நின்றிருக்கிறாள். கார் பக்கம் நின்று, வேண்டுமென்றே சத்தமாக, “கதவத் தொடைக்கவா, டாப்பத் தொடைக்கவா?” என்று கேட்டிருக்கிறாள். ஜன்னலுக்கு யாரும் வரவில்லை. பிறகு போவதை விட்டுவிட்டாள். இதைப் பக்கத்து வீட்டு அம்மாதான் என்னிடம் சொன்னார். அதன் பிறகு அவர் அந்த பானெட்டில் எதையும் காயப்போடவில்லை. ஆட்டையும் கட்டி வைத்துவிட்டார்.

ஐப்பசி மழை அந்த வருடம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிறு நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மழை விட்டிருந்தது. தெருவில் செம்மண் தண்ணீர் ஓடியது. காரைக் கடந்து போகும்போது நின்றேன். கார் முழுக்கத் துளிகள் நின்றன. டாப், பானெட், வயல் பக்கம், எல்லா இடத்திலும். வீட்டைப் பார்த்த கதவுகளில், நீலம் மங்கிய இடத்திலும்கூட, கடுகு கொட்டி வைத்தது போலத் தனித்தனியாக நின்றன. மச்சான் இரண்டாவது முறை விழுவதற்கு முன் நான் பூசிய மெழுகு அது. தெற்கு வெளி வீதிப் பாய் சொன்ன ‘பாதியிலும் பாதி’யைத் தாண்டி நின்றிருந்தது. அவ்வளவு நாள் அது நின்றதே இல்லை.

உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். சொல்வதற்கு வேறு நல்ல செய்தி இல்லாததால் அதைச் சொன்னேன்.

“மச்சான், வண்டியில முத்து நிக்கிது. அம்புட்டும் நிக்கிது.”

அவர் கண் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

“கதவுல?” என்றார்.

“கதவுலயும் நிக்கிது.”

“அப்ப… தொடைக்கல.”

அக்கா அறை வாசலில் நின்றிருந்தாள். “தொடச்சேங்க” என்றாள். “காலைலகூடத் தொடச்சேன். நல்லா அழுத்தித்தான் தொடச்சேன்.”

மச்சானின் கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது.

“தொடச்சா நிக்காது புள்ள” என்றார்.

அவருக்கு அது தெரிந்திருக்கிறது. நான் புதுத் துணியோடு வந்து விளக்கிய நாளிலும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் தினமும் கம்பியைப் பிடித்து நின்று, அழுத்தித் தொட என்று கத்தியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்டிருக்கலாம். பதில் சொல்ல அவருக்கு இருந்த சொற்கள் போதாது என்று தோன்றியதால் கேட்கவில்லை.

பிறகு அவர், “போயித் தொட” என்றார்.

அக்கா ஆணியில் தொங்கிய மஞ்சள் துணியை எடுத்தாள். பல நாள் தொடாததால் அதன் மடிப்பு விறைத்திருந்தது. நான் ஜன்னல் கதவை முழுக்கத் திறந்தேன். கட்டிலைச் சற்று இழுத்துத் திருப்பினேன். தலையணைக்குக் கீழே இன்னொன்றை வைத்து அவர் தலையை உயர்த்தப் பார்த்தேன். தலை என் கையிலேயே பின்னால் சாய்ந்தது. அவர் இருந்த நிலையில் ஜன்னலுக்கு மேலே இருந்த சுவரும் கொஞ்சம் வானமும்தான் தெரிந்திருக்கும்.

வெளியே அக்கா துணியை உதறினாள். கைப்பிடிக்குப் பின்னால் இருந்த இடத்தில் வைத்து அழுத்தித் துடைத்தாள். துளிகள் துணிக்குள் போயின. ஒரு கதவை முடித்தாள். அடுத்த கதவுக்குப் போகும் முன், வழக்கம்போலக் கீழ்ப்பகுதியைத் துடைக்காமல் விட்டுவிட்டு, நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

அக்கா அங்கேயே நின்றாள். மறுபடியும் தூறல் விழத் தொடங்கியது. துடைத்த கதவில் விழுந்த தண்ணீர் இன்னும் உருண்டு திரண்டுதான் நின்றது. ஒரு நாள் துடைத்துப் போகிற மெழுகு அல்ல அது. பிறகு அவளே குனிந்து, விட்டுப்போன இடத்தையும் துடைத்துவிட்டு, உள்ளே வந்தாள்.